துடைத்தும் போகாத சாவி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், இது நடந்தது. அனுபவித்தவர் வாயாலேயே கேட்டது.

எந்தக் கணினியில் புதிய நுழைவுச் சாவி வைத்தாலும், அங்கிருக்கும் பழைய சாவிகளை முதலில் துடைத்துவிடுவது அவர் வழக்கம். கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்குத் ‘துடைப்பம்’ என்றே பெயர்.

அன்று மாலை பழைய சர்வரை அழித்துவிடுவார்கள். அதற்குள் பேக்கப் மென்பொருள் அதிலுள்ள கோப்புகளைப் புதிய சர்வருக்கு எடுத்தாக வேண்டும். பாஸ்வேர்டு கேட்டு நிற்காமல் அது தானாக நுழைவதற்குத்தான் எஸ்.எஸ்.எச். சாவி. அதற்கு இரண்டு பாதிகள்: பூட்டுப் பாதி சர்வரில் இருக்கும்; திறக்கும் பாதி உரியவரின் கணினியைவிட்டு நகராது.

பழைய சர்வரில் ஒரே ஒரு பூட்டு இருந்தது. அந்தப் பூட்டு வரியின் கடைசியில் ‘அக்கா’ என்ற பெயர். அவருக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர். மழைக்காலத்தில் கார் விபத்தில் இறந்துபோனவர். துடைத்தார். தன் பூட்டை வைத்தார். அக்காவின் ஃபோல்டரையும் பேக்கப்பில் சேர்க்காமல் ஒதுக்கினார்.

“அதுல என்ன இருக்குன்னு பாத்தீங்களா சார்?” என்றாள் வரவேற்பறைப் பெண்.

“பாட்டும் படமுமா இருக்கும்மா. வீட்டுக் குப்பையை ஆபீஸ் எதுக்குச் சுமக்கணும்?”

பேக்கப் ஓடியது. யார் யார் நுழைந்தார்கள் என்று காட்டும் லாகைப் பார்த்தார். அவருடைய சாவி நுழைந்திருந்தது. அடுத்த வரியில்... அக்காவின் சாவி.

துடைத்த பூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி துடைத்தார்.

ஒதுக்கிய ஃபோல்டர் வரைபடங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. வெளியே தள்ளினார்.

டக்... டக்... டக்...

பக்கத்து அறையில் கீபோர்டு.

எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

நாற்காலி மட்டும் மெல்லச் சுழன்று... நின்றது.

திரும்பினார். ஃபோல்டர் மீண்டும் நடுவில்.

திறந்தார். அத்தனையும் குரல் பதிவுகள்.

“பாப்பா, அம்மா இன்னிக்கும் லேட்டு. இந்தக் கதையைக் கேட்டுட்டுத் தூங்கிடணும், சரியா...”

சர்வரை அழிக்குமுன் அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனார்.

“மன்னிச்சிடுங்க. பாக்காமலே குப்பைன்னு தள்ளப் பாத்தேன்.”

அக்காவின் கணவர் பென் டிரைவை வாங்கி வீட்டுக் கணினியில் செருகினார். “அவ குரலெல்லாம் லேப்டாப்போட போயிடுச்சுன்னு இருந்தோம் சார்.”

“லேப்டாப் எங்க?”

“கார் ஏரிக்குள்ள பாஞ்சப்போ அவ மடியில இருந்தது. காரை எடுத்துட்டாங்க. அது இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடக்கு.”

அக்காவின் சாவியில் திறக்கும் பாதி அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

அவர் அதைச் சொல்லவில்லை. தரையில் அமர்ந்து, அக்காவின் சின்ன மகளுடைய காதுகளில் ஹெட்போனைப் பொருத்தி, முதல் கதையை ஓடவிட்டார்.