உடைத்துக் கட்டிய தூண்கள்

மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார் என் தோழி. இலங்கைத்துறைக் கடற்கரையில், கொங்கிரீட் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது ஆத்து மணல் இல்லை." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே பொறியியல் பீடத்தில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து அந்த ஆண்டு சிவில் பிரிவுக்குப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். செய்முறைப் பரிசோதனையில் கிடைத்த அளவு விடைக்கு ஒத்துவராவிட்டால் நானும் மற்ற மாணவர்களும் அளவைத் திருத்துவோம். அவர் பரிசோதனையைத் திரும்பச் செய்வார். பட்டம் பெற்றபின் அவர் அரசாங்கப் பொறியியலாளரானார். நான் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தேன். மீனவர்கள் அலைக்குள் இறங்காமல் தோணியேற, இலங்கைத்துறையில் ஒரு இறங்குதுறையை நான் கட்ட, அவர் மேற்பார்வை செய்தார். கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலம் தொடங்குமுன் முடித்துத் தருவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். வெருகல் ஆற்று மணல் லொறி நான்கு நாட்களாக வரவில்லை. அந்த அவசரத்தில் கடற்கரை மணலையே அள்ளிக் கலக்கச் சொன்னவன் நான். மூன்று தூண்கள் எழுந்துவிட்டன. உப்பு மணல் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துத் தூணைப் பிளந்துவிடும் என்பது முதலாம் வருடத்துப் பாடம். தெரிந்தே செய்தேன்.

"மூண்டையும் உடைக்கவேணும்," என்றார் தோழி.

"இப்ப உடைச்சால் இந்த வருசம் முடிக்க ஏலாது. சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"அதை நான் சொல்லுறன்."

மறுநாள் காலை மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். முன்வரிசை முழுவதும் பெண்கள். தூண்களை உடைக்கப்போவதால் வேலை தள்ளிப்போகும் என்று தோழி அறிவித்தார். முந்திய வாடையில் தோணி கவிழ்ந்து கணவனை இழந்த ஒருத்தி எழுந்தாள். "இன்னொரு வாடைக்கும் எங்கட ஆக்கள் அலைக்குள்ளாலதான் தோணி இழுக்கவேணுமோ, மிஸ்?"

"ஓம் அக்கா. பிழை எங்கட பக்கம்," என்றார் தோழி. யாருடைய பிழை என்று சொல்லவில்லை. பின்னாலிருந்து சிலர் கத்தினார்கள். ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். தோழி நின்றபடியே அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து, "நான்தான் கடல் மணலைப் போடச் சொன்னனான்," என்றேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்களே உடையுங்கோ."

உடைத்தேன். வேலையாட்களோடு சேர்ந்து நானும் சம்மட்டி பிடித்தேன். முதலாளி பல நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. அந்த வாடை முழுவதும் ஊரார் அலைக்குள்தான் தோணி இழுத்தார்கள். காற்று பலத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. சித்திரையில் இறங்குதுறை முடிந்தது. இன்றுவரை ஒரு தூணிலும் வெடிப்பில்லை.

சென்ற மாதம் உப்புவெளியில் ஒரு விடுதியில் எங்கள் வகுப்பின் ஒன்றுகூடல் நடந்தது. மெல்போர்னிலிருந்தும் டுபாயிலிருந்தும் வந்தவர்கள் தாங்கள் கட்டிய வானளாவிய கட்டடங்களையும் சுரங்கப் பாதைகளையும் கைபேசியில் காட்டினார்கள். பெருமைப்படத்தக்க வேலைகள்தான். கட்டியதில் சிறந்தது எது என்று சொல்லத் தோழியின் முறை வந்தது. இந்த மாவட்டத்தில் அவர் போட்ட பாலங்களும் குளக்கட்டுகளும் எத்தனையோ. எதைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"இலங்கைத்துறையில ஒரு இறங்குதுறை," என்று சொல்லி, மேசைக்கு எதிரே இருந்த என்னைப் பார்த்தார். "நானும் இவரும் சேர்ந்து கட்டினனாங்கள்."