நம்ம பிளேன்

மகள் நகப்பூச்சுப் போத்தலைத் திறந்ததும், மாத்தளையில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்ட வீட்டின் பின்னறைக்கே போய்விட்டேன். அங்கேதான் அப்பாவும் நானும் மாதிரி விமானம் செய்தோம். எல்கடுவத் தோட்டத்திலிருந்து வந்த தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவிச் சட்டமாக்கி, மேலே பட்டத்தாளை ஒட்டி, இதே நெடியடிக்கும் 'டோப்' என்ற விறைப்புப் பூச்சை அப்பா பூசப் பூச, தொளதொளத்த தாள் மேளத் தோலாய் விறைக்கும். "மூச்சு விடாத பாப்பா, தாள் இறுகுது பாரு" என்பார். தீப்பெட்டியளவு எஞ்சின் ஆமணக்கெண்ணெய் புகையக் குளவியாய் இரையும். "நம்ம பிளேன்" என்றுதான் எப்போதும் சொல்வார்.

அது கலவரக் காலம். வீட்டில் விமானம் செய்கிறார்கள் என்று யாரோ தகவல் கொடுக்க, ஒரு காலை ராணுவத்தினர் வந்து, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்கள். அப்பா என்னைக் காட்டினார். காட்டியதோடு நிற்காமல் கன்னத்தில் ஓங்கி அறைந்து, எனக்குத் தெரியாமல் இதையெல்லாம் செய்வாயா என்று, அவர்களுக்கு விளங்கட்டுமென்று, சிங்களத்திலேயே கத்தினார். எனக்குப் பதினொரு வயது. அப்பா என்னிடம் சிங்களம் பேசியது அன்றுதான். ஒருவன் சிரித்துக்கொண்டே சப்பாத்துக் காலால் விமானத்தை மிதித்து நொறுக்கினான். பிறகு போய்விட்டார்கள்.

சின்னப் பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவர் நினைத்தது இன்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் அவர்கள் போன பிறகும் அப்பா என் பக்கம் திரும்பவில்லை. தரையில் மண்டியிட்டு, நொறுங்கிய பலகைக்குள் கையை விட்டு, எஞ்சினைத் தேடினார்.