கரோல் பாக் அடித்தளத்தில் நடந்த தேர்வு

ஏஷியாட் விளையாட்டுக்காக டெல்லி முழுக்க மேம்பாலங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். பி.ஏ. முடித்துவிட்டு ஜனக்புரி வீட்டில் சும்மா இருந்தேன். கரோல் பாகில் திறக்கவிருந்த ஒரு பெரிய துணிக்கடைக்கு விற்பனைப் பெண்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாதான், "போயிட்டு வெளிச்சத்தோட வந்துருட்டி" என்று அனுப்பினாள்.

போனால், கடையின் பெயர்ப்பலகையைக்கூட இன்னும் துணி போட்டு மூடித்தான் வைத்திருந்தார்கள். ஆறு பெண்கள் வந்திருந்தோம். என் பக்கத்தில் நின்ற ஒல்லியான பஞ்சாபிப் பெண், கேட்காமலே என் புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள். காவலாளி எங்களை அடித்தளத்துக்கு அழைத்துப்போனார். நாங்கள் இறங்கியதும் மேலே ஷட்டர் விழும் சத்தம் கேட்டது. "தூசி வரும், பெஹன்ஜி" என்றார் அவர்.

கீழே புதுப் பெயின்ட் நெடி. மேஜைக்குப் பின்னால் முதலாளி. அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொருத்தியிடமும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். பிறகு, "நீ இங்கே வந்தது வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார். அம்மாவுக்கு மட்டும்தான் என்றேன்.

அங்கே அடுக்கியிருந்த துணிகளில் ஒன்றை எடுத்து, பக்கத்தில் இருப்பவளிடம் விற்றுக் காட்டச் சொன்னார். நான் ஒரு நீலத் துப்பட்டாவை எடுத்து அந்தப் பஞ்சாபிப் பெண்ணிடம் விற்றேன். எல்லோரும் முடித்ததும் துணிகளைத் தன் மேஜைக்கு வாங்கிக்கொண்டார். புரட்டிப் பார்த்தார்.

"நீலத் துப்பட்டாவைக் காணோம். யாரும் எழுந்திருக்காதீங்க."

காவலாளி எங்கள் பைகளைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"துப்பட்டா கிடைக்காட்டி பரவாயில்லை. யார் எடுத்தாங்கன்னு சொல்லுங்க. சொல்றவங்களுக்கு இப்பவே வேலை" என்றார் முதலாளி.

டியூப்லைட் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அந்தப் பஞ்சாபிப் பெண்ணின் கை உயர்ந்தது.

"இந்த மதராஸிதான் ஜி. புடவைக்குள்ள சொருகினா. நான் பார்த்தேன்."

"நான் எடுக்கலை" என்றேன். எல்லோரும் என் இடுப்பையே பார்த்தார்கள்.

"கண்ணால பார்த்தியா?" என்று அவளிடம் கேட்டார்.

"பார்த்தேன் ஜி."

முதலாளி மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தத் துப்பட்டாவை எடுத்து மேலே வைத்தார். அவளைத் துரத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"அச்சா. உனக்கு வேலை. மத்தவங்க போகலாம்."

"அவ சொன்னது பொய்ன்னு உங்களுக்குத் தெரியுமே?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியும். நான் கேட்டதும் ஒரு ஆளைக் காட்டினா இல்லையா? அப்படி ஒருத்தி எனக்கு வேணும்." என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவளைப் பார்த்து, "நீ மட்டும் இரு" என்றார்.

நாங்கள் வெளியே வந்ததும் ஷட்டர் மறுபடி இறங்கியது. மற்றவர்கள் பஸ் பிடிக்க ஓடினார்கள். நான் போகவில்லை. அவள் மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளை உள்ளே தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எதிர் டீக்கடை ஓரமாக நின்றேன்.

வெகுநேரம் கழித்து அவள் குனிந்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன் நிக்கிறே?"

"நீ தனியா இருந்தியே."

அவள் தரையைப் பார்த்தாள். "கல்லாவுக்கு ஒரு பெரியவரை வச்சிருக்காராம், பழைய கடையிலேர்ந்து. அவர் திருடினதை நான் பார்த்ததா சொல்லணுமாம். எப்போன்னு அப்புறம் சொல்வாராம்."

"போவியா?"

"வீட்ல நான்தான் மூத்தவ" என்றாள். வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

கடை திறந்து பல மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். கண்ணாடிக்குள் சீருடைப் புடவையில் அவள் நின்றிருந்தாள். கல்லாவில் மீசை சரியாக முளைக்காத ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.