கையால் திருத்தக் கூடாத கோப்பு

பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்வரைதான் என் மகள் தூங்குவாள். ஒன்றரை வயதாகிறது. சங்கரன்கோவிலில் இந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் தறிச்சத்தம் பழகிவிட்டது. மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து அழுவாள்.

அவள் பிறந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. சென்னையில் ஒரு சிறிய நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை உறுதி செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மகளும் அவருடைய அம்மாவும்தான். நான் நாள் முழுக்க ஊரோடு பேசிக்கொண்டிருப்பதாக அத்தைக்கு எண்ணம்.

"அந்தப் பெட்டிகிட்டதான் பேசுத. எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது," என்பார்.

உண்மையில் கூட்டங்களில் எல்லோருமே கேமராவை அணைத்திருப்போம். தறிச்சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று நான் மைக்கையும் அணைத்திருப்பேன். சில நாள் என் குரலே அங்கே ஒலிக்காமல் கூட்டம் முடிந்துவிடும்.

மருத்துவர்களைப் பார்க்க டோக்கன் பதிவு செய்யும் இணையச் சேவை எங்களுடையது. அது சோதனைக்கு ஓரிடத்திலும், ஒத்திகைக்கு ஓரிடத்திலும், மக்கள் பயன்படுத்துவதற்கு ஓரிடத்திலுமாக ஓடும். எவ்வளவு மெமரி, எந்தத் தரவுத்தளம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அமைப்புக் கோப்பு வேண்டும். அதுவரை மூன்றையும் கையால் எழுதிவந்தார்கள். ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் விட்டுப்போகும். பொதுவான வார்ப்புரு ஒன்றும் மதிப்புகளின் பட்டியல் ஒன்றும் வைத்து, மூன்று கோப்புகளையும் தானாக உருவாக்கும் நிரலை எழுதுவதுதான் எனக்குத் தந்த வேலை. எழுதினேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், "இது தானாக உருவான கோப்பு, கையால் திருத்த வேண்டாம்" என்று ஒரு வரியும் வரச் செய்தேன். அதட்டுவது போல் இருக்குமோ என்று அந்த வரியை மட்டும் நாலு முறை மாற்றினேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் வந்தது. முன்பே தெரியும்தான். சேர்ந்த புதிதில், அன்றைக்கு வேலை பார்க்க முடியாது என்று எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். தறி நின்றது, மகள் எழுந்துவிட்டாள், அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மடியில் அழுகிற பிள்ளை, மடிக்கணினியில் குறைந்துகொண்டே வரும் சார்ஜ், கைப்பேசியின் இணையம். பதினொரு மணிக்கு நான் புதிய பதிப்பை வெளியிட வேண்டும். அப்போதுதான் கண்ணில் பட்டது: மக்களுக்கான கோப்பில், சோதனைக்கு வைத்த 512 மெமரியே இருந்தது. இரண்டு மடங்கு வேண்டும். பட்டியலில் நான்தான் தவறாகக் கொடுத்திருந்தேன்.

பட்டியலைத் திருத்தி, கோப்புகளை மறுபடி உருவாக்கி, இன்னொருவரிடம் காட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. நானே எழுதிய எச்சரிக்கை வரிக்குக் கீழே போய், 512-ஐ அழித்து 1024 என்று தட்டினேன்.

பட்டியலை மாலையில் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். மாலையில் வேறு பயம் வந்தது. இப்போது திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள், முதலிலேயே தப்பு என்று தெரிந்துவிடும். வேலை உறுதியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, என்னைப் போலவே புதிதாகச் சேர்ந்த ஒருவர் வேறொரு மாற்றத்துக்காக அந்த நிரலை ஓட்டினார். அது பட்டியலில் இருந்ததை அப்படியே எழுதியது. என் 1024 போய்விட்டது. திங்கட்கிழமை காலை டோக்கன் போடுகிறவர்களின் நெரிசலில் மெமரி போதாமல் சேவை விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. யாராலும் டோக்கன் போட முடியவில்லை. எல்லோரும் அழைப்பில் கூடிவிட்டோம். எங்கள் குழுத் தலைவி கடைசியாக மாற்றியது யார் என்று கேட்டார். தான் ஒரே ஒரு வரிதான் சேர்த்ததாகப் புதியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயமாக இருந்தது.

மைக்கைத் திறந்தேன். தறிச்சத்தம் மொத்தமும் உள்ளே போயிற்று. யாருடைய லைனில் இந்தச் சத்தம் என்று ஒருவர் கேட்டார்.

"என் லைன்தான். பக்கத்துல தறி ஓடுது. அந்த மெமரிய நான் கையால திருத்தியிருந்தேன். பட்டியல்ல திருத்தல. தப்பு அவர் மேல இல்ல."



"சரி, இப்ப பட்டியல்ல திருத்துங்க. மத்தது அப்புறம் பேசலாம்," என்றார் தலைவி.

திருத்தினேன். சேவை நிமிர்ந்தது. ஒவ்வொருவராக அழைப்பிலிருந்து போனார்கள். கடைசியில் திரையில் என் பெயர் மட்டும் இருந்தது. அந்த 'அப்புறம்' அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கணவருக்கு ஷிப்ட். அவரிடம் எதிலிருந்து தொடங்கிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார். "யாருட்டி திட்டுனா?"

"யாரும் திட்டல அத்தை."

"அதான் இப்படி இருக்கியா. திட்டியிருந்தா சோறாவது எறங்கியிருக்கும்."

மூன்றாம் நாள் தலைவியிடமிருந்து செய்தி வந்தது. இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். அதற்குள், யாராவது கையால் திருத்தியிருந்தால் வெளியீட்டையே நிறுத்திவிடும் ஒரு சோதனையை நான் எழுத வேண்டும். எழுதினேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே அதே வரியில் அதே எண்ணை மாற்றினேன். சிவப்பில் கோப்பின் பெயரையும் வரியையும் காட்டி நின்றது. ஏன் மாற்றினாய் என்று கேட்கும் வசதி அதில் இல்லை.

அந்த ஒரு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மறுபடி மின்சாரம் நிறுத்தும் நாள் வந்தது. முந்தின நாளே குழுவில் எழுதினேன்: நாளை எங்கள் ஊரில் மின்சாரம் இருக்காது, பதினொரு மணி வெளியீட்டை வேறொருவர் பார்க்க வேண்டும். அனுப்பிவிட்டு, அழித்துவிடலாமா என்று விரலை அதன்மேலேயே வைத்திருந்தேன். தலைவி கட்டைவிரல் குறி ஒன்று போட்டார், அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று வெகுநேரம் யோசித்தேன்.

மறுநாள் தறி நின்றது. மகளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"இன்னைக்குப் பெட்டி பேசாதோ?" என்றார் அத்தை.

"பேசாது அத்தை."

"அப்போ இங்கன உக்காரு," என்று வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினார்.