இருமினால் அடுத்த வசனம்

ஞானராஜ் அண்ணன் இறந்துவிட்டார் என்று அப்பா வந்து சொன்னபோது நான் சிரித்தேன். நம் நாடக மன்றத்துப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். முந்தின மாதம்தான் அவருடைய சாப்பாட்டு டப்பாவில் ரப்பர் எலி வைத்திருந்தேன். "இருலே, ஒருநாள் திருப்பித் தாரேன்" என்று சொல்லியிருந்தார். இதுதான் அது என்று நினைத்தேன். அப்பா செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகுதான் சிரிப்பு நின்றது.

அவருக்குத் தில்லி முனிர்காவில் வாடகை அறை, திருநெல்வேலிப் பேச்சு, ஆய்வுக்கூடத்தில் சளிக்காய்ச்சல் பிடித்த எலிகள். நான் அவருக்கு வைத்த பெயர் எலியண்ணன். எலிக்குக் காய்ச்சல் வரவைத்து என்ன பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"வைரஸ் உள்ள வந்தா மூச்சுக்குழாய்தாம்ல மொதல்ல கூச்சல் போடும். ரத்தத்துலேருந்து காவல் செல்லுங்க ஓடி வரும். வீங்கும், சளி கட்டும். எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனா கூப்பிட்ட குழாயே 'போதும், நிறுத்துங்க'ன்னும் சொல்லணும். சொல்லலேன்னா காவலே ஆளக் கொன்னுரும்."

"அச்சா, சரி. எப்படிச் சொல்லும்?"

"அதத்தான் எலிகிட்ட கேட்டுட்டிருக்கேன்."

"எலி என்ன சொல்லிச்சு?"

"கீச்சுன்னுச்சு. போலே."

ஆர்.கே.புரத்து நாடக ஒத்திகை உங்களுக்கு நினைவிருக்கும். தில்லியில் பிறந்த நாங்கள் தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்பவர்கள். (இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதினேன்; தமிழில் எடுத்தெழுதியது அம்மா.) மேடையில் யாராவது தடுமாறினால் திரைக்குப் பின்னாலிருந்து நான் ஒருமுறை இருமுவேன்; அவர்கள் அடுத்த வசனத்துக்குத் தாவ வேண்டும். வேண்டுமென்றே இருமி ராஜாவைப் பலமுறை ஓடவிட்டிருக்கிறேன்.

கடைசி ஒத்திகையன்று எனக்கு உண்மையிலேயே இருமல். நான்கே இருமலில் ராஜா முடிசூடி, போருக்குப் போய், தோற்று, செத்தும் போனார். எல்லோரும் என்னைத் திட்டினீர்கள். மந்திரி வேடத்தில் இருந்த ஞானராஜ் அண்ணன் மட்டும் ஒட்டுத்தாடியோடு வந்து என் முதுகில் காதை வைத்தார்.

"லேய், இது நடிப்பு இல்ல."

தன் ஸ்வெட்டரை எனக்கு மாட்டி, ஆட்டோவில் அணைத்து உட்காரவைத்து வீடு கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம் அவர் தோளில் இருமினேன். ஒரே வாரத்தில் நான் மாடியில் பட்டம் விட்டேன். எனக்குத் தெரியாமலே அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு இல்லை.

அவருடைய அறைத்தோழரும் அதே ஆய்வுக்கூடம்தான். அவரிடம் போய்க் கேட்டேன்.

"என்கிட்டேருந்துதானே ஒட்டிச்சு?"

"தெரியாது தம்பி. அந்த வாரம் பஸ்ல பாதிப் பேர் இருமிக்கிட்டிருந்தாங்க."

"என் குழாய் போதும்னு சொல்லிடுச்சு. அவரோடது ஏன் சொல்லல?"

"இதை நான் அவன்கிட்டதான் கேட்டிருப்பேன்."

எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. நான் கொடுத்தேனா, பஸ் கொடுத்ததா? ஒரே காய்ச்சல் என்றால் எனக்கு ஏன் பட்டம், அவருக்கு ஏன் அது? அந்த ஸ்வெட்டர் என்னிடம் இருக்கிறது. கை நீளம், மடித்துப் போட்டுக்கொள்கிறேன். நாடகத்தை மறுபடி தொடங்கினால் கூப்பிடுங்கள், திரைக்குப் பின்னால் நிற்க வருகிறேன். இருமல் மட்டும் வேண்டாம். வேறு ஏதாவது அடையாளம் சொல்லுங்கள்.