இளவரசன் போட்ட கட்டைவிரல்

இளவரசன் பிறந்தது 1984ஆம் ஆண்டு, மீன்சுருட்டியில். தந்தை வைரக்கண்ணு நெல் விவசாயி. இளவரசன் டிப்ளமோ முடித்து, 2007இல் அரியலூரை அடுத்த ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2011இல் ஜெயசுதாவை மணந்தார். 2016இல், டிவியோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டி ஒன்றை வாங்கினார். மறு ஆண்டு, அரியலூர், பெரம்பலூர் இரு மாவட்டங்களிலும் அவ்வகைப் பெட்டி வைத்திருப்போருக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். 2019 ஏப்ரலில் அதில் 231 பேர் இருந்தார்கள்.

அந்த நாளில் இரண்டு கம்பெனிகளின் பெட்டிகள் போட்டியில் இருந்தன. ஒன்று கருப்பு, மற்றது வெள்ளை. மாட்டுக்குப் பெயர் வைத்துப் பழகிய ஊர்களாகையால் கருப்பன், வெள்ளையன் என்றே அவை அழைக்கப்பட்டன. கருப்பனில் ஓடும் சிடி வெள்ளையனில் ஓடாது. ஒரு தெருவில் நாலு பேர் கருப்பன் வாங்கினால், சிடி மாற்றிக்கொள்ளும் வசதிக்காக ஐந்தாமவரும் கருப்பனையே வாங்குவார். ஆகவே யார் எதைப் புகழ்கிறார் என்பது கடைக்காரர்களுக்குச் சோறு போடும் விஷயமாக இருந்தது. இளவரசன் வைத்திருந்தது கருப்பன்.

இளவரசனின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. சோதனைக்கூடத்தில் சிமெண்ட் மாதிரியை மூன்று முறை நிறுத்துப் பார்த்துத்தான் எழுதுவார். குழுவிலும் அப்படியே. ஒரு செய்தியை மூன்று இடத்தில் ஒத்துப் பார்க்காமல் போடமாட்டார். "சார் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி சாமிதுரைகூடத் தன் மகனுக்கு எதையும் வாங்குவார்.

நிஜாமுதீன் அவருக்கு டிப்ளமோ காலத்து நண்பர். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பதினோர் ஆண்டுகள் செல்போன் பழுது பார்த்துவிட்டு, 2018 மார்ச்சில் ஊர் திரும்பினார். வெளிநாட்டுப் பயணத்துக்கு அவ்வூர் முஸ்லிம்கள் சொல்லும் பெயர் சபுர். வந்து இறங்கிய அன்று அவருடைய ஐந்து வயது மகள் ஃபர்ஹா, தாய் சாகிராவின் காதில், "அத்தாவுக்கு எத்தன நாளு லீவு?" என்று கேட்டாளாம். "அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்கு சபுரே கெடையாது மாப்ள" என்று நிஜாமுதீன் இளவரசனிடம் சொன்னார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை எடுத்தார். வெள்ளையன் பெட்டிகளை விற்பதும், சிடிகளை வாரவாடகைக்கு விடுவதும் தொழில்.

இளவரசன் ஞாயிறுதோறும் அங்கே போவார்.

"வாங்க கருப்பன் வூட்டு மாப்ள. உங்க மாடு இன்னிக்காவது எந்திரிச்சுதா?"

"என் மாடு எந்திரிக்கிறது இருக்கட்டும். உன் மாட்டுக்குத் தீனி எங்க? புது ஆட்டம் ஒண்ணு வந்துருக்கா, சொல்லு."

"எல்லாம் வரும், இன்ஷா அல்லாஹ். டீயக் குடி மொதல்ல."

2019 ஏப்ரல் இறுதியில் வெள்ளையன் கம்பெனி ஒரு புதிய விதியை அறிவித்தது. இளவரசன் வழக்கம்போல மூன்று இடங்களில் பார்த்துவிட்டுக் குழுவில் எழுதினார்: "இனி வெள்ளையனின் ஒவ்வொரு சிடியும் அதை முதலில் போடுபவரின் கணக்கோடு இணைக்கப்படும். அதன்பின் வேறொருவர் பெட்டியில் ஓடாது."

ஒவ்வொரு சொல்லும் சரி. கணக்கு என்று அவர் குறித்தது, பெட்டிக்குள் நுழையும்போது ஒவ்வொருவரும் கொடுக்கும் விளையாட்டுப் பெயரை. ஆனால் கேஸ் மானியம், நூறு நாள் வேலைக் கூலி, பயிர்க் காப்பீடு என்று எதைத் தொட்டாலும் "கணக்கோடு இணைத்துவிட்டீர்களா?" என்று கேட்கப்பட்டுவந்த ஊர்களில், அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது.

முதல் பதில் சாமிதுரையுடையது. குரல் பதிவு. "சார், கணக்குன்னா நம்ம பேங்க் புக்கா? ஆதாரும் கேப்பானா?"

அடுத்தது ஜெயங்கொண்டத்து அன்பழகன். "அப்ப சிடிய போட்டா அக்கவுண்ட்ல காசு புடிச்சுக்குவான். அதானே சார்?"

இளவரசனுக்குச் சிரிப்பு வந்தது. அது விளையாட்டுப் பெயர், வங்கிக் கணக்கு அல்ல என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார். அதற்குள் பதிவுகள் மளமளவென்று வந்து விழுந்தன. "வெள்ளையனுக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சு", "கருப்பன் ஜெயிச்சான்" என்றெல்லாம் வந்தன. மூன்றாண்டுகளாகக் கருப்பனுக்காக வாதாடியவர் இளவரசன். பாதி எழுதியதை அழித்தார். அன்பழகனின் கேள்விக்குக் கீழே, உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் போட்டார்.

கேலிக்குப் போட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப்பார்த்தார். எடுபடவில்லை. குழுவில் அதை ஆம் என்றே படித்தார்கள். "சாரே கட்டைவிரல் போட்டுட்டாரு" என்ற வரியோடு அந்தப் படம் வேறு குழுக்களுக்கும் போயிற்று.

ஒரு வாரத்தில் நிஜாமுதீன் கடைக்குப் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. அப்பாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாஸ்புக்கையும் எடுத்து வந்தார் ஒருவர்.

உலகமெங்கும் விளையாடுவோர் அந்த விதியை எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். கருப்பன் கம்பெனி அதைக் கேலி செய்தே விளம்பரம் போட்டது. பத்தொன்பதாம் நாள் வெள்ளையன் கம்பெனி பணிந்து, விதியை வாபஸ் வாங்கியது. ஆலைப் பேருந்தில் போகும்போதே இளவரசன் அச்செய்தியைப் பார்த்துவிட்டார். மூன்று இடத்திலும் ஒத்திருந்தது. அன்று மதியம் நிஜாமுதீன் அழைத்தார்.

"மாப்ள, வாபஸ் வாங்கிட்டான். பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ ஒரு வார்த்த போடு. அந்த பேங்க் கதையும் பொய்யின்னு சேத்துப் போடு. நான் போட்டா, கடைக்காரன் வேற எப்புடிப் பேசுவான்னு சொல்லுவானுங்க. உன் வாயால வந்தாத்தான் நம்புவானுங்க."

"போடுறேன் மாப்ள."

போடவில்லை. வாபஸ் செய்தியைப் போட்டால், கணக்கு என்ற சொல்லை விளக்க வேண்டும். விளக்கினால், பத்தொன்பது நாளாக ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று ஒருவராவது கேட்பார். அந்த ஒருவரின் முகம் எந்த முகம் என்று தெரியாமலேயே இளவரசன் அதற்கு அஞ்சினார். இன்று போடலாம், நாளை போடலாம் என்று மே போயிற்று, ஜூன் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையில் வேலை இருப்பதாகச் சொல்லிப் பெரம்பலூருக்குப் போவதையும் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழம ஏது சோதனை?" என்று ஜெயசுதா கேட்டாள். "நிஜாம் அண்ணனோட சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"சண்டையா இருந்தாத் தேவலாமே. மூஞ்சியப் பாத்தா திருடிட்டு வந்த மாரில்ல இருக்கு."

ஆகஸ்டில் கடையின் பெயர்ப்பலகை இறங்கியது. செப்டம்பர் மூன்றாம் வாரம், நிஜாமுதீன் மறுபடியும் சபுருக்காகத் திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்படும் நாளில், இளவரசன் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனார். வாசலில் பெட்டி படுக்கைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபர்ஹா தந்தையின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தர மறுத்து நின்றாள்.

"வா மாப்ள" என்றார் நிஜாமுதீன். "உன் கருப்பன் ஜெயிச்சுட்டான். என் வெள்ளையன அடிமாட்டு வெலைக்குத் தள்ளிட்டேன்."

இளவரசனால் சிரிக்க முடியவில்லை. "மாப்ள, அன்னிக்கு அன்பழகன் கேட்டப்ப அந்தக் கட்டைவிரல்..."

"அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார் நிஜாமுதீன். பையின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார். "கைதவறிப் போட்டுட்ட போல, எப்புடியும் திருத்திப் போடுவன்னு நெனச்சேன். ஒரு எழுத்து தப்பா இருந்தாக்கூடத் திருத்திப் போடுற ஆளாச்சே நீ."

உள்ளிருந்து சாகிரா, "டீ சாப்டுட்டுப் போங்கண்ணே" என்றார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் இளவரசனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

திருத்தத்தை அவர் எழுதியது 2021 பிப்ரவரியில். கணக்கு என்றால் என்ன, விதி எப்போது வாபஸ் ஆனது, தாம் போட்ட கட்டைவிரல் எவ்வளவு பெரிய தவறு என்று மூன்று பத்திகள் எழுதினார். அதற்குள், சிடி போடும் வாயே இல்லாத புதுப் பெட்டி ஒன்றைக் கருப்பன் கம்பெனி வெளியிட்டிருந்தது. வாங்கும் ஆட்டங்கள் முழுவதும் வாங்கியவர் பெயரோடு ஒட்டியவை. யாருக்கும் இரவல் தர முடியாது. வெள்ளையனைத் தூற்றிய அதே குழு அதை வரிசையில் நின்று வாங்கியது. திருத்தத்துக்கு வந்த ஒரே பதில் அன்பழகனுடையது.

"அத யாரு சார் இப்ப கேட்டா?"

கீழே ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

இளவரசன் குழுவின் பொறுப்பைச் சாமிதுரையின் மகனிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். ஆலையில் இன்றும் மாதிரிகளை மூன்று முறைதான் நிறுக்கிறார். ஃபர்ஹா இப்போது ஏழாம் வகுப்பு. இடையில் தந்தை இரு முறை விடுப்பில் வந்து போயிருக்கிறார்.

நிஜாமுதீன் முதல் முறை வளைகுடாவில் இருந்தது பதினோர் ஆண்டுகள். வீட்டோடு இருந்தது ஒன்றரை ஆண்டு. இரண்டாம் முறை போய், இந்தச் செப்டம்பரோடு ஆறு ஆண்டுகள்.