நகைக்கடைக்கு முன்னால் நடந்தவள்

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதக் குளிரில், பாரிஸ் லா சப்பலில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்தது இது. லிப்ட் இல்லாத பழைய கட்டடம். நாலாம் மாடியில் நாங்கள், ஐந்தாம் மாடியில் வன்னியிலிருந்து வந்த ஒரு இளம் பெண்பிள்ளை. தமிழ் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை அவளுக்கு. பேச்சுக் குறைவு. படியில் என் மகளைக் கண்டால் மட்டும் முகம் மலரும்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் இரண்டு தரம் அளந்து பார்த்து, பிறகு தெர்மாமீட்டர் பழுதோ என்று சந்தேகப்படுகிற ஆள் நான். ஊரில் பட்டம் படித்தவள், இங்கே வந்து பிரெஞ்சும் கற்றுக்கொண்டேன். அதனால் அந்தக் கட்டடத்தில் யாருக்கு ஆஸ்பத்திரியிலோ கந்தோரிலோ ராந்தேவூ, அதாவது சந்திப்பு நேரம், என்றாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் தை மாதத்தில் ஐந்தாம் மாடிப் பிள்ளையோடு தாய் சேய் நிலையத்துக்குப் போனேன். அவள் கர்ப்பமாக இருந்தாள். மருத்துவத்தாதி, தகப்பன் யார், கூட இருக்கிறாரா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் உள்ள நகைக்கடையில் வேலை செய்யும் பெடியன். என் கணவரின் ஊர்தான். அவளும் அவனும் அகதி விண்ணப்ப வரிசையில் பழகியவர்கள்.

"அகதிக் காட் கிடைச்ச உடன எல்லாருக்கும் சொல்லுறன் எண்டவர் அக்கா. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

ஓம் என்றேன். அன்றுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நேராகப் போனால் நகைக்கடையைத் தாண்டிச் சில நிமிடத்தில் வேலைக்குப் போய்விடலாம். அவளோ எப்போதும் மெத்ரோ ரயில் பாலத்தின் கீழால் சுற்றித்தான் போவாள். கடைப் பக்கம் வர வேண்டாம், முதலாளியின் ஆட்கள் பார்ப்பார்கள் என்று அவன் சொல்லி வைத்திருந்தானாம்.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. எங்கள் பகுதி நூலகத்தில் தாய்மார் சிலர் கூடி மாதம் ஒரு புத்தகம் வாசித்துப் பேசுவோம். அந்த மாதம் ஒரு பழைய அமெரிக்க நாவல். ஒரு பெண்ணின் காதல், பணக்கார வீடு, கடைசியில் ஒரு சாவு, யாரும் பொறுப்பு எடுக்காத ஒரு முடிவு. மகள் தூங்கும் நேரங்களில் அகராதியோடு வாசித்து முடித்திருந்தேன். அன்று நான்தான் அதிகம் பேசினேன். "இதில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருந்தது. ஒருவர் வாய் திறந்திருந்தால் அந்தச் சாவு நடந்திருக்காது" என்றேன். கூட்டத்தை நடத்துபவர் தலையாட்டிப் பாராட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமைதான்.

மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. நகைக்கடை முதலாளியின் மனைவி. மகளுக்குத் தோடு போட்டுவிட்டவர் அவர்தான்.

"சும்மாதான் எடுத்தனான் பிள்ளை. மகளுக்குக் காது ஆறிட்டுதோ?"

காது, பல்லு, குளிர் எல்லாம் விசாரித்தார். சும்மா எடுத்தேன் என்று தொடங்கும் அழைப்பு எதற்கு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"எங்கட கடையில நிக்கிற பெடியனை மகளுக்குப் பாக்கிறம். கடைக்கும் ஒரு ஆம்பிளைப் பிள்ளை வேணும்தானே. நல்ல ஆக்கள், தங்கமான பெடியன் எண்டு உங்கட அவர் சொன்னவர். எண்டாலும் பொம்பிளையளுக்குத்தானே உள்ளது தெரியும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

கரண்டியைக் கோப்பைக்குள் போட்டேன். "பிள்ளை அழுகிறாள் அக்கா, கொஞ்சத்தால எடுக்கிறன்" என்று வைத்தேன். பிள்ளை சிரித்துக்கொண்டு சோற்றை மேசையில் பூசிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டில் மாப்பிள்ளை விசாரிப்பது என்றால் ஊர்க்காரருக்கு ஒரு அழைப்புத்தான். கேட்கப்படுபவர் சொல்லும் பதிலும் கிட்டத்தட்ட எழுதி வைத்ததுதான். கலியாணத்தைக் குழப்பினவர் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? வேலையில் இருந்த கணவருக்கு எடுத்தேன். அவருக்கு மேல்மாடிக் கதை ஒன்றும் தெரியாது. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், அவனுக்கு வேறொரு தொடர்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டால் அப்பிடித்தானே சொல்லுறது. இப்ப நீ மாறிச் சொன்னா நான் பொய்யனோ?" என்றார். பிறகு, "சரியெண்டு படுறதைச் செய். ஆனா யோசிச்சுச் செய்" என்றார். யோசிப்பதையே வியாதியாக வைத்திருக்கும் எனக்கு இது ஒரு மருந்தா?

உண்மையைச் சொன்னால் கொடுத்த வாக்கை மீறுவேன். லா சப்பல் முழுக்க அவள் பெயர் அடிபடும். நல்ல பெடியன் என்றால் இரண்டு பெண்களின் வாழ்க்கையையும் நானே கிணற்றில் தள்ளிவிட்டதாகும். தெரியாது என்றால், காலையில் அந்த நாவலில் வருபவர்களைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு நானும் அவர்களில் ஒருத்தி. எதைச் செய்தாலும் பிழை என்று பட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அவள் பின்னேர வேலைக்குப் போகும் நேரம் ஆகிறது என்று திடீரென்று உறைத்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன்.

அவள் ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"நேற்றும் வந்தவர் அக்கா. ஒண்டும் சொல்லேல்லை."

நான்தான் பதறினேன். ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடவா, உன் பெயர் வெளியில் வராது என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"நீங்கள் தெரியாது எண்டா அவையள் வேற ஆரிட்டையும் கேப்பினம். அவையும் தங்கமான பெடியன் எண்டுதான் சொல்லுவினம்." பிறகு, "அந்தப் பிள்ளைக்கும் ஒண்டும் தெரியாதுதானே, பாவம்" என்றாள். "போனைத் தாங்கோ, நானே கதைக்கிறன்."

முதலாளியின் மனைவியின் நம்பரை அழுத்திக் கொடுத்தேன்.

"அம்மா, நான் ரெஸ்ரோரண்டில வேலை செய்யிற பிள்ளை. உங்கட கடைப் பெடியன்ர பிள்ளை என்ர வயித்தில இருக்கு. உங்கட மகள் பிறகு தெரிஞ்சு அழக்கூடாது. அதுக்குத்தான் எடுத்தனான்."

அதன்பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம் அம்மா, இல்லை அம்மா என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. போனைத் திருப்பித் தந்தபோது, "என்னவாம்?" என்றேன்.

"எத்தினை மாசம் எண்டு கேட்டவ. இரும்புச் சத்துக் குளிசை போடுறியோ எண்டு கேட்டவ. பிறகு, தன்ர மகளுக்குப் பேசின கதையை வெளியில விடாதை எண்டவ." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிகிற இடத்தில்தான் கண் கலங்கியது. என் மகள் கையை நீட்டி அவள் மூக்கைப் பிடித்தாள்.

"வேலைக்கு நேரமாகுது அக்கா" என்று ஜாக்கெட்டைப் போட்டாள். மனம் கேளாமல் நானும் மகளை வண்டியில் வைத்துக்கொண்டு கூடப் போனேன். வாசலில் அவள் பாலத்துப் பக்கம் திரும்பவில்லை. நேரே நடந்தாள். காய்கறிக்கடை, சேலைக்கடை, அடுத்தது நகைக்கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் சங்கிலிகளை அடுக்கிக்கொண்டு நின்றான். நிமிர்ந்து பார்த்தவன் உடனே தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிற்கவுமில்லை, வேகமாகப் போகவுமில்லை. தெருவில் எல்லாரும் நடப்பது போலவே நடந்து போனாள்.

அந்தக் கலியாணப் பேச்சு அதோடு நின்றது. காரணம் ஒன்றும் வெளியில் வரவில்லை. அவன் கடையை விட்டுவிட்டு ஒருநாள் மாடிப்படியில் வந்து நின்றான். முதலில் மேரியில், அதாவது நகரசபையில், போய்ப் பிள்ளைக்குத் தகப்பன் என்று பதிய வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவனும் போய்ப் பதிந்தான். இரண்டு பேரும் சேர்ந்தார்களா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. அவளுக்கு இப்போது ஒரு மகள். என் மகளுக்குச் சின்னதாய்ப் போன சட்டைகளை அந்தக் குட்டிதான் போடுகிறாள்.

என் கணவர் இந்தக் கதையைப் பிறகு முழுவதும் அறிந்துகொண்டார். மாப்பிள்ளை விசாரித்து யாரும் எடுத்தால் இப்போது இருமிவிட்டு என்னிடம் போனைத் தந்துவிடுகிறார். நாவலைப் பற்றி நூலகத்தில் அவ்வளவு பேசினோமே, அதில் வரும் அந்தப் பெண்ணிடம் யாராவது நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்களா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மேல்மாடிப் பிள்ளையின் வாழ்க்கையை என் கையில் வைத்துக்கொண்டு நான் தவித்த அந்த மத்தியானம் முழுவதும், அது அவள் கையிலேயேதான் இருந்தது. இன்றும் யாருக்காகவோ முடிவெடுத்துத் தவிக்கத் தொடங்கும்போது, கண்ணாடிக்கு முன்னால் அவசரமில்லாமல் போன அந்த நடை நினைவுக்கு வருகிறது. தவிப்பதை விட்டுவிட்டு, மாடிப்படி ஏறிப்போய் முதலில் சம்பந்தப்பட்டவரிடமே கேட்கிறேன்.